உன் பெயருக்கு நான் எழுதிய இரண்டு வரி

மகனே,

வழக்கமாகத் தாளின் தலையில் ஒரு வேத வசனம் எழுதி, அதன் கீழே ஸ்கேல் வைத்துக் கோடு போட்ட பிறகுதான் உனக்குக் கடிதம் எழுதத் தொடங்குவேன். இன்றைக்கு அந்த இடத்தை வெறுமையாக விட்டிருக்கிறேன். மறந்துபோய் விட்டதாக நினைக்காதே. எந்த வசனத்தை எடுத்து எழுதவும் இன்றைக்கு எனக்குக் கை கூசுகிறது.

நேற்று போனில் நீ சொன்னாய், வேலையை விடுகிற கடிதம் எழுதியாகிவிட்டது, திங்கட்கிழமை ஆபீசில் கொடுக்கப் போகிறேன் என்று. "புதுவருஷத்துல அந்த வசனம் வந்த பெறவு எனக்கு வேற யோசனையே ஓடல்லம்மா" என்றும் சொன்னாய். நான் ஸ்தோத்திரம் என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தேன். வைத்த பிறகு அடுக்களையில் போய் நின்றேன், எதற்குப் போனேன் என்று தெரியவில்லை. மகனே, அந்தக் கடிதத்தைக் கொடுப்பதற்கு முன்னால் இதைப் படித்துவிடு. சொந்த ஊருக்கும் சொந்த ஜனத்துக்கும் திரும்பிப் போகச் சொல்லுகிற அந்த வசனம் உனக்குத் தானாக விழவில்லை. உன் பெயர் வந்தால் அதைத்தான் காட்ட வேண்டும் என்று நான்தான் கம்ப்யூட்டரில் எழுதி வைத்திருந்தேன்.

இதைப் போனிலேயே சொல்லியிருக்கலாம். சொன்னால் நீ, "சரி விடும்மா" என்பாய், நானும் விட்டுவிடுவேன். உன் குணமும் எனக்குத் தெரியும், என் குணமும் எனக்குத் தெரியும். அதனால் கையால் எழுதி, ஒவ்வொரு பக்கமாகப் படம் எடுத்து அனுப்புகிறேன். இதே கடிதத்தை வருகிற பெண்கள் சங்கக் கூட்டத்திலும் வாசிக்கப் போகிறேன். ஏன் என்பது பின்னால் வரும்.

நீ மஸ்கட்டுக்குப் போனபோது விட்டுப்போன பழைய லேப்டாப்பில் முதலில் சங்கத்துக் கணக்கைத்தான் எழுதினேன். பத்தாம் வகுப்போடு நின்றவள் நான். தையல் ஆனாலும் கேக் ஆனாலும் பார்த்துப் பார்த்துப் படித்ததுதான். அப்படித்தான் ஒருநாள் போனில் ஒரு பெண் தமிழில் புரோகிராம் சொல்லிக் கொடுப்பதைப் பார்த்து உட்கார்ந்தேன். அவள் சொன்ன இஃப் எனக்கு விளங்கவில்லை. உன்னிடம் கேட்டேன். உனக்கு அன்றைக்கு ஆபீசில் சாப்பாட்டு நேரம். வாயில் சோற்றோடு நீ கேட்டாய், "அம்மா, விடியக்காலம் மழை பெய்தா நம்ம ரப்பர் விளையில என்ன நடக்கும்?"

"என்ன நடக்கும்? பால் வெட்டு கிடையாது. வெட்டுகாரரு வரமாட்டாரு."

"பெய்யல்லேன்னா?"

"வெட்டு உண்டு."

"அவ்வளவுதான் இஃப்பு. பெய்யல்லேன்னா என்னதுன்னு சொல்லுததுதான் எல்ஸ்."

"இதுக்காக்கும் அந்தப் பிள்ள அரை மணிக்கூர் பேசினா?" என்றேன். நீ சிரித்ததில் சோறு புரையேறிவிட்டது.

லூப்பையும் அந்த ரப்பர் விளையை வைத்தே சொல்லித் தந்தாய். வெட்டுகாரர் முதல் மரத்திலிருந்து கடைசி மரம் வரைக்கும் ஒவ்வொன்றாகப் போகிறார், செய்கிற வேலை ஒன்றுதான், மரம்தான் மாறுகிறது. "அப்பம் பட்டை காஞ்ச மரம் வந்தா?" என்று நான் கேட்டேன். நீ அதை இன்னொரு தடவை சொல்லச் சொன்னாய். பிறகு, "எம்மா, உனக்கு இது வரும். லூப்புக்கு உள்ள ஒரு இஃப்பு வைக்கணும். பட்டை காஞ்ச மரம்னா வெட்டாம அடுத்த மரத்துக்குப் போ. இதைக் கேக்கத் தெரியாம எங்க ஆபீசுல புதுசா வாற பிள்ளைங்க முழிக்குகு" என்றாய். அன்றைக்கு முழுவதும் எனக்குக் கால் தரையில் பாவவில்லை. லூப்புக்குள்ளே இஃப். அதைத்தான் பிறகு உனக்கு எதிராக நான் எடுத்தேன்.

நிற்காத லூப்பு ஒன்று எழுதியது நினைவிருக்கிறதா? திரையில் ஸ்தோத்திரம் என்று ஐந்து முறை வரட்டும் என்று எழுதினேன். எண்ணிக்கையைக் கூட்டுகிற வரியை விட்டுவிட்டேன். ஸ்தோத்திரம் ஸ்தோத்திரம் என்று அது பாட்டுக்கு வந்துகொண்டே இருந்தது. பயந்துபோய்ச் சுவரில் இருந்த பிளக்கைப் பிடுங்கினேன், அப்போதும் வருகிறது. பேட்டரி என்று ஒன்று இருப்பதே அந்த நேரத்தில் மறந்துபோனது. உன் அப்பா வந்து எட்டிப் பார்த்துவிட்டு, "இதுக்குப் போயி விறைக்குதியே ஏட்டி. நீ ஜெபம் பண்ணும்போ எங்களுக்கு இப்பிடித்தான் இருக்கும்" என்றார். நீயும் அவரும் போனில் சேர்ந்து சிரித்தீர்கள். எவ்வளவு நல்ல காரியமாக இருந்தது இது, நம் மூன்று பேருக்கும் இடையில்.

புதுவருஷத்துக்கு முன்னால் சங்கத்தில் பேச்சு வந்தது. புதுவருஷத்தில் ஆளுக்கு ஒரு வசனம் எடுக்க வருஷாவருஷம் வாக்குத்தத்த அட்டை வாங்குகிறோம், போன வருஷம் வாங்கியது போதவில்லை, கடைசியில் நின்றவர்களுக்குக் கிடைக்காமல் போயிற்று. நான்தான் எழுந்து சொன்னேன், பெயர்களையும் வசனங்களையும் கம்ப்யூட்டரில் ஏற்றிவிட்டால் ஆளுக்கு ஒன்று அதுவே எடுத்துக் கொடுக்கும் என்று. என் கணக்கில் இதுவரை பிழை கண்டவர்கள் இல்லை, அதனால் யாரும் மறுத்துப் பேசவில்லை. பெருமை எனக்குள் அங்கேயே புகுந்திருக்க வேண்டும். முதல் தடவை ஓட்டிப் பார்த்தபோது எல்லாருக்கும் ஒரே வசனம் வந்தது. எழுதிய புரோகிராமை உனக்கு அனுப்பினேன். "அம்மா, வசனம் எடுக்கிற வரியை லூப்புக்கு வெளிய வச்சிருக்க. ஒருக்கா எடுத்ததை எல்லாருக்கும் வாசிக்குகு. உள்ள தள்ளி எழுது" என்றாய். தள்ளி எழுதினேன். சரியாக வந்தது. நீயும் வரிவரியாகப் பார்த்துவிட்டு, "இதுல ஒரு குத்தமும் இல்ல" என்று எழுதி அனுப்பினாய். நீ பார்த்தது அதுதான். பார்த்த மறுநாள் நான் சேர்த்ததை நீ பார்க்கவில்லை.

அந்த நாட்களில்தான் உன் ஒப்பந்தம் முடிகிற பேச்சு. புதுப்பிப்பதா, ஊருக்கு வந்துவிடுவதா என்று நீ கேட்டுக்கொண்டிருந்தாய். புதிதாக வருகிறவர்களுக்குச் சொல்லிக் கொடுக்கிற பொறுப்பை உன்னிடம் தந்திருந்தார்கள். "இப்பம்தாம்மா எனக்கு இந்த வேலை பிடிக்கத் தொடங்கியிருக்கு" என்று நீ சொன்னதை நான் கேட்டேன். கேட்கவில்லை என்று பொய் சொல்ல மாட்டேன். "உன் இஷ்டம் மக்கா, ஜெபிச்சுத் தீருமானி" என்று பெரிய மனுஷி போலச் சொன்னதும் நான்தான். அப்பாவுக்குக் கால் முட்டி வலி, விளையைப் பார்க்க ஆளில்லை என்று எனக்கு நானே காரணம் சொல்லிக்கொண்டேன். காரணம் அப்பா இல்லை. சாப்பாட்டு மேசையில் அவரும் நானும் எதிரெதிரே உட்கார்ந்து, குழம்பில் உப்பு சரியா என்பதைத் தவிர ஒன்றும் பேசாமல் எழுந்துவிடுகிறோம். அது எனக்குப் பயமாக இருந்தது. கோவிலில் மற்றவர்கள் பேரப்பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு, "உனக்க மோன் எப்பம் வாறான்?" என்று கேட்கும்போது பொறாமையாக இருந்தது. மகனே வந்துவிடு என்று உன்னிடம் கேட்டிருந்தால் நீ வரமாட்டேன் என்று சொல்லியிருக்கலாம். அந்தப் பதிலைக் கேட்கத் திராணி இல்லாமல், நீ மறுத்துப் பேச முடியாத ஒருவர் வாயில் என் வார்த்தையை வைத்தேன்.

இரண்டே வரி. பெயர் உன் பெயராக இருந்தால் என்று ஒரு வரி. வசனம் இதுதான் என்று அதற்கு அடியில், நீ சொல்லித் தந்தபடியே உள்ளே தள்ளி, இன்னொரு வரி. தட்டுவதற்கு முன்னால் ஜெபம் பண்ணினேன். இதைச் சொல்லத்தான் மற்ற எல்லாவற்றையும் விட எனக்கு நாணக்கேடாக இருக்கிறது. கர்த்தருக்குச் சித்தம் இல்லை என்றால் எழுத்துப் பிழை வந்து இது ஓடாமல் போகட்டும் என்று ஜெபம் பண்ணினேன். பிறகு பிழை வராமல் இருக்க மூன்று தடவை சரிபார்த்தேன்.

நீ ஐந்தாம் வகுப்பு படித்தபோது நடந்தது ஒன்று. புதுவருஷக் காலையில் தகர டப்பாவில் அட்டைகளைப் போட்டு நீட்டினேன். உனக்குக் கீழ்ப்படிதலைப் பற்றின வசனம் வந்தது. அப்பாவுக்கு ஆசீர்வாதமும் எனக்குச் சமாதானமும் வந்திருந்தன. நீ அழுதாய். "எனக்கு மட்டும் ஏசுகு. இன்னொண்ணு எடுக்கட்டாம்மா?" என்றாய். நான் டப்பாவை மூடிவிட்டேன். எடுத்தது எடுத்ததுதான், இரண்டாம் தடவை கை விட்டால் அது நீ தேடினது, அவர் தந்தது ஆகாது என்று உனக்குப் பிரசங்கம் பண்ணினேன். நீ மூக்கைத் துடைத்துக்கொண்டே, "அப்பம் மேல கிடந்த அட்டை எனக்க கையில பட்டது மட்டும் அவரு தந்ததா?" என்று கேட்டாய். வாயில் ஒரு அடி கொடுத்தேன். அன்றிலிருந்து நீ வாக்குத்தத்த அட்டையை எடுப்பாய், வாசிக்க மாட்டாய். பத்து வயதுப் பிள்ளைக்கு ஒரு அட்டையை மாற்றிக் கொடுக்காதவள், முப்பது வயது ஆம்பிளைக்கு அவனுக்குத் தெரியாமல் மாற்றி வைத்தேன்.

புதுவருஷ ஆராதனை முடிந்து எல்லாரும் மிஷன் ஹாலில் கூடியிருந்தது உனக்குத் தெரியும், அப்பா போனைத் தூக்கிப் பிடித்து உனக்குக் காட்டிக்கொண்டிருந்தார். ஒவ்வொரு பெயராக வந்தது, வசனம் வந்தது, ஆமென் வந்தது. நம் வீட்டுப் பெயர்களைக் கடைசியில் போட்டிருந்தேன். உன் பெயரும் அந்த வசனமும் திரையில் வந்தபோது அப்பா போனைத் திரைக்குப் பக்கத்தில் கொண்டுபோனார். மத்தியானம் நீயே கூப்பிட்டாய். "அம்மா, டப்பாவுல கை விட்டா கை தேடும்னு நீதான் சொல்லுவ. இதுக்குக் கை இல்லல்லா. புரோகிராமும் நான் பார்த்ததாக்கும். எனக்கு என்னமோ பண்ணுகு" என்றாய். இத்தனை வருஷம் கழித்து ஒரு வசனத்தை நீ வாசித்தாய். அதுவும் நான் வைத்ததை. அந்த நிமிஷத்தில் சொல்லியிருக்க வேண்டும். எனக்கு அழுகை வந்தது, நீ அதைச் சந்தோஷம் என்று நினைத்தாய், நானும் அப்படியே நினைத்துக்கொள்ளப் பார்த்தேன்.

போன வெள்ளிக்கிழமை வீட்டு ஜெபக் கூட்டத்தில் அப்பா, கர்த்தர் செய்த நன்மையைச் சாட்சி சொல்ல எழுந்தார். அவர் சாட்சி சொல்லி நீ பார்த்திருக்கிறாயா? கூட்டத்தில் ஜெபிக்கச் சொன்னாலே இருமல் வருகிற மனுஷன். அன்றைக்கு எழுந்து நின்று, "கம்ப்யூட்டரும் கர்த்தருக்குக் கீழ்ப்படியும்னு நான் கண்ணால கண்டேன். எனக்க மோன் வாறான்" என்றார். அவ்வளவுதான், உட்கார்ந்துவிட்டார். எல்லாரும் ஆமென் சொன்னார்கள். நானும் சொன்னேன்.

கூட்டம் முடிந்து சாயா கொடுத்துக்கொண்டிருந்தபோது சங்கத்து ஞானசெல்வம் அக்கா என் கையைப் பிடித்து ஓரமாகக் கூட்டிப் போனார்கள். அவர்களுடைய மகளுக்குக் கழுத்தில் கட்டி, ஆபரேஷன் வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருப்பது உனக்குத் தெரியும். "மக்கா, உனக்க மிஷின்ல எனக்க மோளுக்கும் ஒரு வசனம் எடுத்துத் தா. கத்தி வைக்கவா வேண்டாமான்னு அதுல தெரிஞ்சிரும்லா" என்றார்கள். "அக்கா, அது டாக்டரு சொல்லியாச்சுல்லா, அதைக் கேளுங்க" என்றேன்.

"டாக்டரு மனுஷன்தானே. உனக்கது அப்பிடியா?"

"என்னதும் அப்பிடித்தான் அக்கா. நான் எழுதினதாக்கும் அது."

"நீ எழுதினதுனாலதானே கேக்குகேன். நீ கள்ளத்தரம் காட்டமாட்ட."

மகனே, அந்தச் சொல்லுக்குப் பிறகு எனக்கு அங்கே நிற்க முடியவில்லை. ஆபரேஷனுக்கு நாள் குறித்துவிட்டு வந்து என்னைப் பாருங்கள், நான் கூட வருகிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன். கூட்டத்தில் இந்தக் கடிதத்தை வாசிக்கப் போவது அவர்களுக்காகவும்தான். அப்பா எழுந்து நின்று சொன்னதை, நான் எழுந்து நின்று திருத்த வேண்டும்.

அப்பாவிடம் நேற்று, உன் போன் வந்த பிறகு சொன்னேன். உன் அறை ஜன்னலுக்குக் கொசுவலை அடித்துக்கொண்டிருந்தார். சுத்தியலைக் கீழே வைத்தார். "நான் சபையில எழும்பி நின்னு சொன்னேனே" என்றார். பிறகு, "என்னையும் சேத்தில்லா பொய் சொல்ல வச்சிட்ட" என்றார். நான் நின்றேன். "அவன்கிட்ட சொல்லு. சொல்லிட்டு என்கிட்ட வா" என்று சொல்லிவிட்டு மறுபடியும் ஆணியை எடுத்தார். இனி எதற்கு அது என்று கேட்டுவிட்டேன். "அவன் எப்பம் வந்தாலும் கொசு கடிக்கத்தானே செய்யும்" என்றார். ராத்திரி சாப்பாட்டில் உப்பைப் பற்றிக்கூடப் பேசவில்லை.

உனக்குப் புத்தி சொல்லுகிற தகுதி எனக்கு இப்போது இல்லை. ஆனாலும் அம்மா என்கிற பழக்கத்தில் ஒன்று சொல்லுகிறேன். நாளைக்கு உனக்கும் பிள்ளைகள் வரும். அவர்களிடம் உனக்கு வேண்டியது இருந்தால், எனக்கு வேண்டும் என்று உன் வாயால் கேள். அவர்கள் மாட்டேன் என்று சொன்னால் அதைக் கேட்டுக்கொண்டு நில். அன்பாக இருக்கிறவர்கள் எழுதினது என்பதற்காக ஒன்றையும் பார்க்காமல் விடாதே. நீ சரி என்று சொன்னதற்குப் பிறகு ஏதாவது சேர்ந்திருக்கிறதா என்று ஓட்டுவதற்கு முன்னால் ஒரு தடவை பார். நான் செய்தது போலச் செய்கிறவர்கள் கெட்டவர்களாகத்தான் இருப்பார்கள் என்று நினைத்துவிடாதே. எனக்கு உன்மேல் இருந்தது ஆசை. அதைக் கேட்க வெட்கப்பட்டேன். கேட்க வெட்கப்பட்டதால் எவ்வளவு வெட்கப்பட்டாலும் தீராத காரியத்தைச் செய்தேன்.

இன்று காலையில் அந்த இரண்டு வரியையும் அழித்தேன். அழித்துவிட்டு உனக்காக மறுபடியும் ஓட்டிப் பார்க்கவா என்று ஒரு நினைப்பு வந்தது. விரல் அந்தப் பொத்தான் வரைக்கும் போனது. வேண்டாம் என்று மூடி வைத்துவிட்டேன். என்ன வந்தாலும் அதையும் உனக்குச் சொல்லி, உன் மனதைத் திருப்பத்தான் பார்ப்பேன்.

எல்ஸ் எழுதியே ஆக வேண்டும் என்று இல்லை, வேண்டுமானால் எழுதலாம் என்று நீ சொல்லித் தந்திருக்கிறாய். நான் எழுதவில்லை. நீ வந்தால் என்பது மட்டும்தான் என் மனதில் ஓடியது. வராவிட்டால் என்ன என்பதை எழுதிப் பார்க்கவே பயம். இப்போது எழுதுகிறேன். நீ வராவிட்டால், அப்பா விளையைக் குத்தகைக்கு விடுவார், நாலு நாள் முறுமுறுத்துவிட்டுச் சரியாகிவிடுவார். நீ வராவிட்டால், ஞானசெல்வம் அக்காவின் மகளோடு நான் ஆஸ்பத்திரியில் இருப்பேன், ஆளில்லாத மற்றவர்களோடும் இருக்கலாம். நீ வராவிட்டால், சாப்பாட்டு மேசையில் அப்பாவின் எதிரே உட்காராமல் பக்கத்தில் உட்கார்ந்து, இத்தனை வருஷம் அவரிடம் கேட்காததைக் கேட்டுப் பார்ப்பேன், அவர் இருமினால் இருமட்டும். நீ வராவிட்டால், சாப்பாட்டு நேரத்தில் உன்னைக் கூப்பிட்டு அடுத்த பாடம் விளங்கவில்லை என்பேன். எழுதி முடித்து வாசித்துப் பார்த்தேன், மகனே. தாங்க முடியாதது இதில் ஒன்றும் இல்லை. இந்த நாலு வரியை அன்றைக்கே எழுதிப் பார்த்திருந்தால் அந்த இரண்டு வரிக்கு வேலையே வந்திருக்காது.

நீ வர வேண்டும் என்று எனக்கு ஆசை. இது என் வார்த்தை, வேறு யாருடையதும் இல்லை. இதற்கு நீ மாட்டேன் என்று சொல்லலாம்.

தாளின் தலையில் விட்ட இடம் அப்படியே இருக்கட்டும். இனி உனக்கென்று நான் அதை நிரப்ப மாட்டேன். கோபம் வந்தால் கூப்பிட்டு ஏசு. அடுக்களையில்தான் நிற்கிறேன், போனைக் கையிலேயே வைத்திருக்கிறேன்.

அம்மா